ஊத்திக் கொடுக்கிற வேலைக்கு வர நினைக்கும் தம்பிகளுக்கு

பாபநாசம், வலங்கைமான், மன்னார்குடி வட்டாரத்தில் ‘பார்’ என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே இடம்தான் நினைவுக்கு வரும்: டாஸ்மாக் கடையை ஒட்டிய கொட்டகை. கடையில் குவார்ட்டர் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் டம்ளர், தண்ணீர், சுண்டல், ஆம்லெட் கிடைக்கும். ஊற்றுவதும் கலப்பதும் குடிக்கிறவர் பாடு. அங்கே ஓடியாடுகிற பையன்கள் சப்ளையர்கள். பார்டெண்டர், அதாவது கவுன்டரில் நின்று பானத்தை அளந்து, கலந்து கொடுக்கிற ஒரு ஆளுக்கு அந்த இடத்தில் வேலையே கிடையாது. அதனால்தான் பார்டெண்டரான நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு இன்றுவரை புரியவைக்க முடியவில்லை. ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் தாய்மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ஏன் மாப்ள, படிச்சுப்புட்டு ஊத்திக் குடுக்குற வேலைக்கா போற?” பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். “ஆமா மாமா, அளந்து ஊத்திக் குடுக்குற வேலை” என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

இப்போது அதே ஊர்களிலிருந்து பையன்கள் போன் செய்கிறார்கள். “அண்ணே, நானும் இதுல வரலாமா? எங்க படிக்கணும்? வெளிநாடு போகலாமா?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், வேலை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அதற்கு வெளியே பார் நடத்துவது பெரும்பாலும் இரண்டு வகை இடங்கள். ஒன்று, எஃப்.எல். 2 உரிமம் வைத்திருக்கும் மனமகிழ் மன்றங்கள். சில மன்றங்களில் கேரம் போர்டு தூசி படிந்து கிடக்கும், அது வேறு கதை. இன்னொன்று, எஃப்.எல். 3 உரிமம் வாங்கிய நட்சத்திர ஓட்டல்கள். பார்டெண்டர் என்ற பெயரில் சம்பளம் தருவது இந்த இரண்டாவது வகைதான். டெல்டாவில் அப்படிப்பட்ட இடங்கள் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி என்று விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கின்றன. காரைக்கால் நம் ஆற்றுப் பாசனத்தில் இருந்தாலும் புதுச்சேரி ஆட்சி. கடைகளும் பார்களும் தனியார் கையில். இங்கே 21 வயது ஆகாதவருக்கு ஊற்றக் கூடாது, அங்கே 18. மாறி மாறி வேலை பார்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு விஷயத்தில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. திருச்சி–தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியில் அரசு ஓட்டல் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குத் தேசிய அளவில் நுழைவுத் தேர்வு உண்டு. உணவு, பானப் பரிமாறலுக்குக் குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புகளும் இருக்கின்றன. வசதி இருந்தால் படியுங்கள், மேனேஜர் வரை போக அந்தத் தாள் உதவும். ஆனால் லட்சக்கணக்கில் பணம் கேட்டு ‘நூறு சதவீதம் வெளிநாட்டு வேலை’ என்று போஸ்டர் ஒட்டுகிற இடங்களில் தயவுசெய்து நகையை அடகு வைத்துச் சேராதீர்கள். பாட்டிலைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற வித்தையைச் சொல்லித் தருவார்கள். எந்த ஓட்டலும் முதல் வருடம் உங்களைப் பாட்டில் தூக்கிப் போட விடாது.

நான் சேர்ந்தது ரெஸ்டாரன்டில், ஸ்டூவர்டாக. இட்லியும் பரோட்டாவும் பரிமாறி, டேபிள் துடைத்து, பி.ஓ.டி. என்கிற பான ஆர்டர் சீட்டை பார் கவுன்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கே நிற்கிறவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார் பேக். பார்டெண்டருக்கு எடுபிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் நிரப்புவது, கிளாஸ் கழுவித் துடைப்பது, எலுமிச்சை பிழிவது, குப்பை கொட்டுவது, காலி பாட்டிலை எண்ணுவது. இந்தக் கட்டத்தில்தான் பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள். சினிமாவில் பார்த்த பார்டெண்டர் எச்சில் கிளாஸ் கழுவவே இல்லையே என்று தோன்றும். என்னைக் கேட்டால், தொழிலே இதில்தான் இருக்கிறது. மேலே வருகிற காக்டெயில் எல்லாம் பிறகு சில மாதத்தில் கற்றுக்கொள்ளக் கூடியது.

ஒரு உதாரணம், ஐஸ். ஐஸ் பெட்டிக்குள் கிளாஸை விட்டு அள்ளவே கூடாது. உலோகமோ பிளாஸ்டிக்கோ, ஸ்கூப்பால்தான் அள்ள வேண்டும். கிளாஸ் விளிம்பு ஐஸில் பட்டுச் சில்லு தெறித்தால் கண்ணாடி எது, ஐஸ் எது என்று பார்த்துச் சொல்லவே முடியாது. பக்கத்தில் எங்காவது கிளாஸ் உடைந்தாலும் பெட்டி முழுவதையும் வெந்நீர் விட்டுக் கரைத்துக் கொட்டி, துடைத்து, புதிதாக நிரப்ப வேண்டும். சனிக்கிழமை இரவு, ஆர்டர் குவிந்து கிடக்கும்போது இதைச் செய்ய மனசு வராது. அப்போதும் செய்கிறவனை கேப்டன், அதாவது பரிமாறுகிறவர்களுக்கு மேலாள், மறக்க மாட்டார். ஐஸில் இன்னொன்றும் இருக்கிறது. சின்னதும் உள்ளீடற்றதும் சீக்கிரம் உருகும். நம் ஊர் மே மாத வெயிலில் ஏசி திணறும் அறையில், பானம் மேசைக்குப் போவதற்குள் தண்ணீராகிவிடும். கிளாஸ் நிறைய ஐஸ் போட்டால் சரக்கைக் குறைக்கிறான் என்று நம் ஆட்கள் நினைப்பார்கள். உண்மையில் நிறையப் போட்டால்தான் மெதுவாக உருகும், பானமும் நீர்த்துப்போகாது. இதைச் சண்டை போடாமல் விளக்கத் தெரிவதும் வேலையில் சேர்த்தி.

அடுத்தது அளவு. ஸ்மால் 30 மில்லி, லார்ஜ் 60. ஒரு 750 மில்லி ஃபுல் பாட்டிலில் 25 ஸ்மால். கை தாராளமாகி ஒவ்வொன்றிலும் 5 மில்லி கூட விழுந்தால் 21 ஸ்மாலோடு பாட்டில் முடிந்துவிடும். நான்கு பெக் எங்கே என்று மறுநாள் காலை ஸ்டோர்காரர் கேட்பார். எஃப்.எல். 3 பாரில் தினசரி இருப்புப் பதிவேடு உண்டு, அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்பதைக்கூட அளந்து எழுதுகிற வேலை அது. கணக்கு உதைத்தால் முதலில் சந்தேகப்படுவது புதுப் பையனைத்தான். அதனால் ஜிகரை, அதாவது மதுவை அளக்கிற சின்னக் கிண்ணத்தை, விடாதீர்கள். ‘கண்ணளவு தெரியும்’ என்று அனுபவசாலிகள் ஜிகர் இல்லாமல் ஊற்றுவதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். தெரிந்த வாடிக்கையாளர், “தம்பி, கொஞ்சம் பார்த்து ஊத்துப்பா” என்று நூறு ரூபாயை மடித்து நீட்டுவார். வாங்கினால் அன்றோடு உங்கள் கை அவர் கைக்குப் போய்விடும்.

வீட்டிலேயே பழகலாம். காலி பாட்டில் ஒன்று, அதற்கு மாட்டுகிற ஊற்று மூக்கு, 30/60 ஜிகர். மூன்றும் ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கின்றன. பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, டம்ளரில் ஊற்றி, ஜிகரில் கொட்டிச் சரிபாருங்கள். நான் நன்னாரி சர்பத்தைத் தண்ணீரில் கலந்து நிறத்தோடு பழகினேன். அம்மாவுக்கு முதலில் எரிச்சல், அப்புறம் வருகிற விருந்தாளிக்கெல்லாம் என்னையே சர்பத் போடச் சொன்னார்.

இதில் எங்கள் பக்கத்துக்கென்று ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது. கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி கல்யாண மண்டபங்களில் இப்போது ரிசப்ஷனுக்கு மாக்டெயில் கவுன்டர் போடுகிறார்கள். கேட்டரிங்காரர்களுக்கு முகூர்த்த மாதங்களில் ஆள் போதவில்லை. மது கிடையாது, மது உரிமம் தேவையில்லை, வீட்டிலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரே மாலையில் இருநூறு, முந்நூறு பேருக்கு ஷேக்கர் குலுக்குவீர்கள். வரிசையில் நிற்கிற குழந்தை, பொறுமையில்லாத சித்தப்பா, சர்க்கரை வேண்டாம் என்கிற பெரியம்மா, எல்லோரையும் ஒரே நேரத்தில் சமாளிக்கிற பழக்கம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. புதினாவை மட்டும் சட்னிக்கு இடிப்பதுபோல இடிக்காதீர்கள், கசந்துவிடும். உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டிப் போட்டால் வாசனை வந்துவிடும். எலுமிச்சைச் சாறு அன்றன்றைக்குப் பிழிந்ததாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தாலே நம் ஊர் மாக்டெயில்களில் முக்கால்வாசி தேறிவிடும்.

காக்டெயிலைப் பொறுத்தவரை நூறு பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 1951இல் தொடங்கிய சர்வதேச பார்டெண்டர் சங்கம் அதிகாரப்பூர்வ செய்முறைகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதைப் படிக்கும்போது குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 60 மில்லி சரக்கு, 25 மில்லி எலுமிச்சை, 20 மில்லி சர்க்கரைப் பாகு. இது ஒரு குடும்பம். வெள்ளை ரம் போட்டால் டைக்கிரி, விஸ்கி போட்டால் விஸ்கி சவர். டெக்கிலா போட்டுப் பாகுக்குப் பதில் ஆரஞ்சு லிக்கர் சேர்த்தால் மார்கரிட்டா பக்கம் வந்துவிடும். ஜின், காம்பாரி என்கிற கசப்பு லிக்கர், இனிப்பு வெர்மூத் மூன்றும் 30 மில்லி என்றால் நெக்ரோனி. பழச்சாறு சேர்ந்தால் ஷேக்கரில் குலுக்கு, வெறும் மது மட்டும் என்றால் ஐஸோடு ஸ்பூனால் கலக்கு. இந்த ஒரு விதி கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் செல்லும். திறந்த வெர்மூத் பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள். அது ஒயின் ஜாதி, அலமாரியில் வைத்தால் கெட்டுப்போகும். நம் பக்கம் பல பார்களில் அது வருடக்கணக்கில் விஸ்கிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டெல்டா பாரில் காக்டெயில் கேட்கிறவர்கள் குறைவு. உள்ளூர்க்காரர்களுக்கு பிராந்தி, விஸ்கி, சோடா. பெரிய கோயிலும் தாராசுரமும் பார்த்துவிட்டு வெயிலில் வாடி வருகிற வெளிநாட்டுக் குழுக்களுக்குக் குளிர்ந்த பீர், மிஞ்சினால் ஜின் டானிக். கார்த்திகையில் பாதி வாடிக்கையாளர்கள் மாலை போட்டுவிடுவார்கள். கவுன்டரில் ஈ ஓட்டலாம். அறுவடை முடிந்து தை பிறந்தால் ஆட்கள் திரும்பி வருவார்கள். சுத்தம், கணக்கு, ஆட்களைச் சமாளிப்பது, இவற்றுக்கு இங்கே நல்ல பயிற்சி கிடைக்கும். காக்டெயிலில் கை தேற வேண்டுமென்றால் புதுச்சேரி, சென்னை, பெங்களூரு, கோவா என்று கிளம்பத்தான் வேண்டும். ஓரிரு வருடத்துக்கு மேல் இங்கேயே உட்கார்ந்தால் பெக் ஊற்றுகிற ஆளாகவே நின்றுவிடுவீர்கள். மாமா சொன்னது பலித்துவிடும்.

இனி, யாரும் சொல்லித் தராத பாடம். ‘போதும்’ என்று சொல்வது.

இதற்குக் கொஞ்சம் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டு விஸ்கி, பிராந்தி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் 30 மில்லி ஸ்மாலில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 10 கிராம். 650 மில்லி பீர், 5 சதவீதம் என்றால் சுமார் 25 கிராம், அதாவது இரண்டரை ஸ்மால். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் ஒரே பாட்டில் நான்கு ஸ்மாலுக்குச் சமம். “பீர்தானே தம்பி, தண்ணி மாதிரி” என்று இரண்டாவது ஸ்ட்ராங் கேட்பவர் ஏற்கனவே நான்கு பெக் அடித்தவர் என்று உங்கள் மண்டைக்குள் ஓட வேண்டும். ஒரு ஸ்மாலை உடம்பு செலவழிக்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். காபி கொடுத்தாலும் மோர் கொடுத்தாலும் அந்த நேரம் குறையாது.

கணக்கு தெரிந்தபின் சொல்லுகிற விதம். நண்பர்கள் முன்னால் “சார், உங்களுக்கு ஓவராயிடுச்சு” என்று சொன்னால் தீர்ந்தது. நம் பக்கத்து மனுஷன் மானத்துக்காக இன்னும் இரண்டு கேட்பார். நான் செய்வது இது. முதலில் வேகத்தைக் குறைப்பேன். தண்ணீர் பாட்டிலை நானே திறந்து வைப்பேன். சாப்பிட ஏதாவது வரவழைப்பேன். மேசையில் தெளிவாக இருக்கிற ஒருவரைக் கண்டுபிடித்து, கழிப்பறைப் பக்கம் வரும்போது, “அண்ணே, வண்டி யார் ஓட்டுறா?” என்று மெதுவாகக் கேட்பேன். பெரும்பாலும் அவரே மற்றதைப் பார்த்துக்கொள்வார். அப்படியும் வழிக்கு வராவிட்டால் நேராக, குரலை உயர்த்தாமல், “சார், இன்னைக்கு இதோட போதும். நாளைக்கு வாங்க, நானே ஊத்தித் தர்றேன்” என்பேன். ஒருவர் சட்டையைப் பிடித்திருக்கிறார். “நான் யாரு தெரியுமா?” என்று கேட்காதவர்களே குறைவு. கேப்டனைக் கூப்பிடுங்கள், கையை நீட்டாதீர்கள், கவுன்டருக்கு வெளியே போகாதீர்கள்.

வண்டி சாவிதான் கடைசிப் போராட்டம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டும். வல்லம், செங்கிப்பட்டி வழியாக ராத்திரி பதினொரு மணிக்குப் போகிறவரிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லிப் புண்ணியமில்லை. அபராதத் தொகையைச் சொன்னால் கொஞ்சம் வேலை செய்யும். நம்பகமான ஆட்டோக்காரர் இரண்டு பேர் நம்பரை எப்போதும் வைத்திருங்கள்.

அடுத்தது உங்கள் குடி. இந்தத் தொழிலுக்குக் குடிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். சுவை தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஸ்ட்ராவைப் பானத்தில் விட்டு, மேல் நுனியை விரலால் மூடி எடுத்து, சில துளிகளை நாக்கில் விட்டால் போதும். துப்பிவிடலாம். புளிப்பு தூக்கலா, இனிப்பு தூக்கலா என்று தெரிந்துவிடும். டூட்டியில் ஒரு பெக்கூடக் கூடாது, விருந்தாளி வாங்கித் தந்தாலும். என்னோடு சேர்ந்தவர்களில் கை சுத்தமும் வேகமும் என்னைவிட அதிகமாக இருந்த ஒருவர், டூட்டி முடிந்ததும் மிச்சத்தில் ஆரம்பித்து, அப்புறம் டூட்டிக்கு முன்னாலேயே என்று ஆகி, வேலையும் போய், வீடும் நொந்து போனது. நம் டெல்டா கிராமங்களில் குடியால் சீரழிந்த வீடு இல்லாத தெரு அரிது. அது தெரிந்தும் இந்த வேலையைச் செய்கிறோம் என்கிற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு. வீட்டில் ஏற்கனவே குடிப் பிரச்சினை இருந்தால், உங்களுக்கே கட்டுப்பாடு சந்தேகம் என்றால், சமையல் பக்கம் போங்கள். அங்கேயும் ஆள் தேவை.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். தாராளமாக. டெல்லியில் பெண்களை பாரில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றிருந்த பழைய சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2007இல் செல்லாது என்றது. மும்பையில் ஷட்பி பாசு போன்றவர்கள் அதற்கும் பல வருடம் முன்பே கவுன்டரில் நின்று பேர் வாங்கியவர்கள். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் இரவு டூட்டி முடித்துப் பாதுகாப்பாக வீடு திரும்ப ஓட்டல் வண்டி ஏற்பாடு இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பதில் சொல்லாமல் இழுத்தால் அந்த இடம் வேண்டாம்.

வெளிநாடு. சவுதி, குவைத் இரண்டிலும் மதுவுக்குத் தடை. அங்கே ‘பார்டெண்டர் வேலை’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் துபாயில் உண்டு, சார்ஜாவில் கிடையாது. ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். சொகுசுக் கப்பல் என்றால் எஸ்.டி.சி.டபிள்யூ. என்கிற சர்வதேசக் கப்பல் பணித் தரப்படி அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, மருத்துவத் தகுதி, பல நிறுவனங்களுக்கு முன் அனுபவமும் தேவை. கப்பலுக்கு ஆள் எடுக்கிற உரிமம் பெற்ற நிறுவனம் வேலை வாங்கித் தருவதற்காக உங்களிடம் பணமே வாங்கக் கூடாது. எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் வயலை ஒத்திக்கு வைத்து ஒரு ஏஜென்டிடம் கட்டிய பணம் இன்னும் வரவில்லை.

சம்பளம் தொடக்கத்தில் ஜவுளிக்கடையில் நிற்பவர் வாங்குவதைவிடப் பெரிதாக இருக்காது. சாப்பாடும் தங்க இடமும் பல ஓட்டல்கள் தரும். டிப்ஸ் பெட்டியில் போட்டுப் பிரிப்பார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டில் இருக்க முடியாது, ஊரே கொண்டாடும் நாளில்தான் நமக்கு வேலை. காந்தி ஜெயந்தி, வள்ளுவர் நாள், மே தினம் போன்ற நாட்களில் பார் மூடியிருக்கும். அதையும் விடுமுறை என்று நினைக்காதீர்கள், அன்றுதான் அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்து இருப்பு எடுப்போம்.

இன்டர்வியூவுக்கு வருகிறவர்களை இப்போது நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். மார்ட்டினி செய்முறை கேட்பேன், தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்து வரச் சொல்வேன். விளிம்பில் விரல் வைத்துத் தூக்குகிறவரா, அடிப்பக்கம் பிடிக்கிறவரா என்று பார்ப்பேன். முன்னால் கை கழுவினாரா என்றும் பார்ப்பேன். வெளிநாட்டுக் குழுக்கள் வருகிற காலம் குளிருக்கு முன்னால் தொடங்கும் என்பதால், எங்கள் பக்கம் ஆள் எடுப்பது பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில்தான். அதற்கு முன்பே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், வாட்ஸ்அப்பில் பயோடேட்டா அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். வேலை கிடைத்தால் ஈரத் தரையில் வழுக்காத கருப்பு ஷூ நல்லதாக ஒன்று வாங்குங்கள், எட்டு மணி நேரம் நின்றபடி இருக்க வேண்டும். சட்டைப் பையில் பாட்டில் ஓப்பனர், லைட்டர், பேனா இரண்டு. ஒரு பேனா எப்படியும் பில்லில் கையெழுத்துப் போடுகிறவரோடு போய்விடும்.